எடைக்குறைப்பு அறுவைசிகிச்சை: தேதி குறிப்பதற்கு முன்பே தொடங்க வேண்டிய ஒத்திகை

எடைக்குறைப்பு அறுவைசிகிச்சைக்குத் தேதி குறித்துவிட்டால் வீட்டில் எல்லோருடைய கவனமும் அந்த ஒரு நாளின் மீதே குவிந்துவிடுகிறது. எந்த மருத்துவர், எத்தனை மணி நேரம், எவ்வளவு பணம், யார் கூட இருப்பது என்று பேச்செல்லாம் அதைப் பற்றியதாகவே இருக்கும். உண்மையில் அந்த நாளில் நமக்கென்று எந்த வேலையும் இல்லை. மயக்கத்தில் படுத்திருப்போம், மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நம்முடைய வேலை அதற்கு முந்தைய இரண்டு மூன்று மாதங்களில் இருக்கிறது. திருமங்கலத்தில் பள்ளி ஆசிரியையாக இருக்கும் நான், 112 கிலோ எடையோடும் சர்க்கரை நோயோடும் மதுரையில் இந்தச் சிகிச்சையைச் செய்துகொண்டேன். பிற்பாடு செய்ய வேண்டியவற்றில் எதையெல்லாம் முன்கூட்டியே ஒத்திகை பார்த்திருந்தேனோ அதிலெல்லாம் தடுமாறவில்லை. ஒத்திகை பார்க்காமல் விட்டவற்றில்தான் பட்டுத் தெரிந்துகொண்டேன். அந்த அனுபவத்தையும், சிகிச்சைக்குப் போகும் எவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டிய மருத்துவச் செய்திகளையும் சேர்த்தே இங்கே எழுதுகிறேன்.

எந்தச் சிகிச்சை, யாருக்கு

இன்று பரவலாகச் செய்யப்படுபவை இரண்டு. ஸ்லீவ் என்பதில் இரைப்பையின் முக்கால் பாகத்துக்கும் மேல் வெட்டி எடுக்கப்பட்டு, வாழைப்பழம் போன்ற ஒரு குழாய் மட்டும் மிஞ்சுகிறது. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெருமளவு சுரக்கும் மேற்பகுதியும் அதோடு போய்விடுவதால், முதல் சில மாதங்களில் பசியே தெரியாது. பைபாஸ் என்பதில் சிறு பை ஒன்றை மட்டும் விட்டுவிட்டு, குடலின் ஒரு பகுதியைத் தாண்டி உணவை நேரே கீழே அனுப்புகிறார்கள். வீட்டில் இந்தப் பெயரைச் சொல்லும்போது சற்றுக் கவனமாக இருங்கள். ‘பைபாஸ்’ என்று நான் சொன்னவுடன் என் மாமியார் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, “ஏத்தா, இருதயத்துலயா?” என்று அழ ஆரம்பித்துவிட்டார். எனக்கு முடிவானது ஸ்லீவ்தான் என்பதை அவருக்குப் புரியவைக்க அன்று மாலை ஒரு சுரைக்காயை நீளவாக்கில் நறுக்கிக் காட்ட வேண்டியிருந்தது.

கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது பிஎம்ஐ. என் உயரம் 158 சென்டிமீட்டர் என்பதால் எனக்கு ஏறத்தாழ 44.9 வந்தது. 1991-இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட அளவுகோல், பிஎம்ஐ 40-க்கு மேல் இருப்பவர்களுக்கும், கூடவே நோய்கள் இருந்தால் 35-க்கு மேல் இருப்பவர்களுக்கும் இந்தச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. 2022-இல் சர்வதேச மருத்துவ அமைப்புகள் அதைத் தளர்த்தின. நம்மைப் போன்ற ஆசியர்களுக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரை நோய் வந்துவிடுவதால், 27.5-க்கு மேல் இருப்பவர்களுக்கும் இதை ஒரு வழியாக முன்வைக்கலாம் என்றன. ஆனால் காப்பீட்டு நிறுவனங்கள் இன்னும் பழைய கணக்கிலேயே நிற்கின்றன என்பதைக் கீழே பணத்தைப் பற்றிப் பேசும்போது பார்க்கலாம்.

மருத்துவமனையில் கேட்க வேண்டியவை

2024-இல் சென்னைப் புறநகரில் புதுச்சேரி இளைஞர் ஒருவர் இந்தச் சிகிச்சையின்போது உயிரிழந்த செய்தி வந்ததிலிருந்து, ‘எடை குறைக்கப் போகிறேன்’ என்றாலே குடும்பங்கள் பதறுகின்றன. அந்தப் பதற்றத்தைக் குறை சொல்வதற்கில்லை. அனுபவமுள்ள இடங்களில் உயிராபத்து ஆயிரத்தில் ஒருவர் என்ற அளவில்தான் இருக்கிறது என்றாலும், அந்த ஒருவர் நம் வீட்டு ஆளாகவும் இருக்கலாம். ஆகவே பயத்தை அடக்குவதை விட, அதைக் கேள்விகளாக மாற்றி எழுதிக்கொண்டு போவது நல்லது. அதே கட்டடத்தில் தீவிர சிகிச்சைப் பிரிவு இருக்கிறதா, இரவில் மயக்க மருத்துவர் இருப்பாரா, தையல் போட்ட இடத்தில் கசிவு ஏற்பட்டால் இங்கேயே பார்ப்பீர்களா அல்லது வேறு ஊருக்கு அனுப்புவீர்களா, அறுவை செய்யும் மருத்துவர் இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார், ஓராண்டுக்குப் பின் என்னைத் தொடர்ந்து பார்க்கப்போகும் உணவியலாளர் யார் என்பன என் கணவர் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதிக்கொண்டு போன கேள்விகள். இவற்றைக் கேட்டதற்கு முகம் சுளிக்கும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடலாம் என்பதே என் கருத்து. நாங்கள் முதலில் போன இடத்திலிருந்து அப்படித்தான் வந்தோம்.

பரிசோதனைகள் நிறைய இருக்கும். ஒன்றையும் தவிர்க்கப் பார்க்காதீர்கள். ரத்தத்தில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, தைராய்டு, இரும்புச்சத்து, பி12, வைட்டமின் டி ஆகியவற்றைப் பார்ப்பார்கள். எண்டோஸ்கோபியில் புண்ணும் எச். பைலோரி கிருமியும் உள்ளனவா என்று தெரியும். ஸ்கேனில் பித்தப்பைக் கற்கள் தெரியும். எடை வேகமாகக் குறையும்போது புதிதாகக் கற்கள் உருவாவதும் உண்டு. குறட்டை பலமாக இருந்தால் தூக்கப் பரிசோதனையும் தேவைப்படும். தூக்கத்தில் மூச்சுத் தடைபடுபவர்களுக்கு மயக்க மருந்து கொடுப்பதில் தனிக் கவனம் வேண்டும் என்பதால், கணவரோ மனைவியோ கேட்ட குறட்டையைக் கூச்சப்படாமல் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும், நாட்டு மருந்து உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். டாபாகுளிஃப்ளோசின், எம்பாகுளிஃப்ளோசின் போன்ற சர்க்கரை மாத்திரைகளைச் சில நாட்களுக்கு முன்பே நிறுத்தச் சொல்வார்கள். ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரைக்கும் இன்சுலினுக்கும் தனிக் கணக்கு உண்டு. எதையும் நீங்களாக நிறுத்தக் கூடாது. பீடி, சிகரெட் மட்டுமல்ல, வெற்றிலையோடு போடும் புகையிலையையும் குறைந்தது ஆறு வாரங்களுக்கு முன்பே விட வேண்டும்.

மனநல ஆலோசகரிடம் அனுப்பியதும், “எனக்கென்ன பைத்தியமா?” என்று கோபித்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். அவர் தேடுவது வேறு. நள்ளிரவில் எழுந்து சாப்பிடும் வழக்கம் உண்டா, குடிப்பழக்கம் எப்படி, மனச்சோர்வுக்கு மாத்திரை எடுக்கிறோமா, எடை குறைந்தால் வாழ்க்கையில் என்னவெல்லாம் மாறும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம் என்பதையே அவர் கேட்கிறார். கடைசிக் கேள்விக்கு நான் சொன்ன பதில், “நாத்தனார் வாயை அடைக்கலாம்” என்பது. அவர் சிரிக்கவில்லை, அப்படி வாய் அடையாவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

மனதின் ஒத்திகை

இரண்டு வாரங்களுக்கு ஒரு சிறு நோட்டில் சாப்பிட்ட நேரத்தையும், அப்போது பசித்ததா இல்லையா என்பதையும் மட்டும் எழுதிப் பாருங்கள். என்ன சாப்பிட்டீர்கள் என்பதை எழுத வேண்டியதில்லை. என் நோட்டில் மாலை ஐந்தே காலுக்கு, பள்ளியிலிருந்து வந்து செருப்பைக் கழற்றியவுடன், பசியில்லாமலே முறுக்கு டப்பாவைத் திறந்தது பதினான்கு நாட்களில் பதினொரு நாட்கள் பதிவாகியிருந்தது. பசியை மருத்துவர் வெட்டி எடுத்துவிடலாம். ஐந்தே கால் மணியை வெட்டி எடுக்க முடியாது. அந்த நேரத்துக்கு வேறு ஏதாவது வேலையை முன்பே பழக்கிவிட வேண்டும். நான் மாடிக்குப் போய்ச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றப் பழகினேன். சிகிச்சைக்குப் பிறகும் என் கால்கள் தாமாகவே மாடிக்குப் போயின.

உணவுக்காகத் துக்கப்படுவது கேலிக்குரியதல்ல. விரும்பிச் சாப்பிட்டவர்களுக்கு அது ஒரு துணையைப் பிரிவது போலத்தான் இருக்கிறது. ஆனால் ‘கடைசியாக ஒரு தடவை’ என்று ஊர் சுற்றிச் சாப்பிடுவது மட்டும் வேண்டாம். நான் கறி தோசைக்கு ஒரு மாலை, பரோட்டா சால்னாவுக்கு ஒரு மாலை, கீழவாசல் பக்கம் ஜிகர்தண்டாவுக்கு இரண்டு மாலை என்று விடைபெற்றுக்கொண்டு திரிந்ததில் இரண்டரை கிலோ ஏறி, சிகிச்சை பத்து நாட்கள் தள்ளிப்போனது. கல்லீரலின் இடது மடல் இரைப்பையின் மீது படுத்திருக்கிறது. அது கொழுத்துப் பருத்திருந்தால் அதை விலக்கி உள்ளே வேலை செய்வது கடினமாகிவிடும். சிகிச்சைக்கு முன் இரண்டு வாரங்கள் மாவுச்சத்தும் கொழுப்பும் குறைந்த, பெரும்பாலும் திரவமான உணவைக் கொடுப்பது அதைச் சுருக்கத்தான். ஜிகர்தண்டாவைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஸ்லீவ் செய்த வயிறு சோற்றைத் தடுக்குமே ஒழிய இனிப்பான பானத்தைத் தடுக்காது; அது வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். குறைந்த எடை மீண்டும் ஏறுவதற்கு இது ஒரு முக்கியமான வழி. பைபாஸ் செய்தவர்களுக்கோ சர்க்கரை குடலில் சட்டென்று இறங்கி வியர்வை, படபடப்பு, வயிற்றுப்போக்கு என்று உடனே தண்டனை கிடைத்துவிடுகிறது.

மூன்றாவது வாரத்தில் பலருக்கும் ‘ஏன்தான் இதைச் செய்துகொண்டோமோ’ என்ற எண்ணம் வருகிறது. களைப்பாக இருக்கும், மற்றவர்கள் சாப்பிடும் வாசனை எரிச்சலூட்டும், காரணமில்லாமல் அழுகை வரும். இது வரும் என்று வீட்டாருக்கு முன்பே சொல்லிவைப்பது பாதி மருந்து. மூன்றாம் மாதத்திலிருந்து முடி கொட்டும். ஒரு முழம் மல்லிகையைத் தாங்குவதற்குக் கூடக் கூந்தல் போதாமல் நான் கிளிப்பில் குத்திக்கொண்டு போயிருக்கிறேன். புரதமும் இரும்புச்சத்தும் சரியாக இருந்தால் சில மாதங்களில் அது திரும்ப வளர்ந்துவிடுகிறது. எடை குறைந்தவுடன் பாராட்டுவார்கள் என்று எதிர்பார்த்திருந்தால் அதையும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். எங்கள் தெருவில், “என்னத்தா, எதுவும் சீக்கா?” என்றுதான் கேட்டார்கள். சிலருக்குச் சோர்வு விலகாமல் நீடிப்பதும், சாப்பாட்டின் இடத்தைக் குடி பிடித்துக்கொள்வதும் உண்டு. சிகிச்சைக்குப் பின் மது வழக்கத்தை விட வேகமாகத் தலைக்கேறும். வாழப் பிடிக்கவில்லை என்ற நினைப்பு எட்டிப் பார்த்தால் காத்திருக்காமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம்.

வாயின் ஒத்திகை

பின்னாளில் எனக்கு மிகவும் பயன்பட்டது முப்பது மில்லி பிடிக்கும் ஒரு பிளாஸ்டிக் மருந்துக் குவளை. சிகிச்சைக்குப் பின் தண்ணீரை மடமடவென்று குடிக்க முடியாது. அந்தக் குவளையளவை ஒவ்வொரு வாயாகப் பதினைந்து நிமிடங்களில் குடிக்க வேண்டும். மணிக்கு 120 மில்லி என்றால், ஒன்றரை லிட்டர் குடிக்கப் பன்னிரண்டரை மணி நேரம் ஆகும். அதாவது விழித்திருக்கும் நேரமெல்லாம் அதே வேலைதான். நான் ஒரு மாதம் முன்பே குவளையை வகுப்புக்கு எடுத்துச் சென்றேன். நாற்பத்தைந்து நிமிடப் பீரியடுக்கு மூன்று குவளை என்று கணக்கு வைத்துக்கொண்டேன். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் மூன்றாவது குவளையைப் பார்த்தாலே புத்தகத்தை மூடத் தொடங்கிவிட்டார்கள். இந்தச் சிகிச்சைக்குப் பின் மீண்டும் மருத்துவமனைக்குத் திரும்புபவர்களில் கணிசமானோர் நீர்ச்சத்துக் குறைந்து திரும்புபவர்களே. நான் விடுமுறைக்காக மே மாதத்தைத் தேர்ந்தெடுத்தது தவறு. மதுரை வெயிலில் முப்பது முப்பது மில்லியாகத் தாகம் தணிப்பது கொடுமை. மறுபடி வாய்ப்பிருந்தால் மார்கழியைத் தேர்ந்தெடுத்திருப்பேன்.

சாப்பிடும்போது தண்ணீர் குடிக்காமல், முன்னும் பின்னும் அரை மணி நேரம் இடைவெளி விடுவதையும் இப்போதே பழகுங்கள். சிறிய கிண்ணம், சிறிய கரண்டி, ஒரு வாய்க்கு இருபது முப்பது மெல்லல் என்று இருபது நிமிடம் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். முதலிரண்டு நாட்கள் தெளிந்த நீர், இரண்டு வாரம் வரை திரவம், அடுத்த இரண்டு வாரம் மசித்தது, பிறகு மென்மையானது என்று ஆறு முதல் எட்டு வாரங்களில் வழக்கமான உணவுக்கு வருவார்கள். மருத்துவமனைக்கு மருத்துவமனை சற்று மாறலாம். நாளுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும் என்பது நம் சமையலில் பெரிய சவால். ஓர் இட்லியில் சுமார் இரண்டு கிராமும், ஒரு முட்டையில் ஆறு கிராமும், நூறு மில்லி பாலில் மூன்று கிராமுக்குச் சற்று மேலும்தான் இருக்கிறது. முதல் மாதங்களில் புரதப் பவுடர் இல்லாமல் இதை எட்டுவது கடினம் என்பதால், இரண்டு மூன்று வகைகளைச் சிறு பாக்கெட்டாக வாங்கிக் குடித்துப் பார்த்துவிடுங்கள். பிடிக்காத சுவையில் இரண்டு கிலோ டப்பா வாங்கி வைத்துவிட்டு நான் அழுதிருக்கிறேன்.

ஒத்திகை பார்க்காமல் நான் விட்டது, பந்தியில் மறுப்பதை. சிகிச்சை முடிந்து பத்தொன்பதாம் நாள் உசிலம்பட்டிப் பக்கம் என் அண்ணன் பேரனுக்குக் காதுகுத்து. கிடா வெட்டி விருந்து. முகம் காட்டிவிட்டு வரலாம் என்று போனேன். இலையில் உட்கார வைத்த மதினி, “பாதியா இளைச்சிட்ட, ஒரு துண்டு சாப்பிட்டா என்ன ஆகப் போகுது?” என்று ஈரல் துண்டு ஒன்றைத் தாமே ஊட்டினார். மறுக்க நா எழவில்லை. விழுங்கிய இரண்டாவது நிமிடம் நெஞ்சின் நடுவே ஒரு கல் நின்றது போல வலித்து, வாயில் எச்சில் ஊறி, பந்தலுக்குப் பின்னால் ஓடிப்போய் வாந்தியெடுத்தேன். மதினியின் அன்பில் குறையில்லை. சொல்லிவைக்காதது என் குறை. ஆகவே தேதி குறிக்கும் முன் காலண்டரை எடுத்து, அடுத்த இரண்டு மாதங்களுக்குள் வரும் விசேஷங்களையும் கோயில் கும்பிடுகளையும் பாருங்கள். போகவே வேண்டியிருந்தால் மொய்யை எழுதிவிட்டுப் பந்திக்கு முன் கிளம்புங்கள். உட்கார வேண்டியிருந்தால் விஷயம் தெரிந்த ஒருவர் பக்கத்து இலையில் இருக்கட்டும். “வேண்டாம்” என்ற சொல்லுக்கு நம் ஊரில் மதிப்பில்லை. “வயித்துல ஆபரேஷன், டாக்டர் கண்டிச்சு சொல்லியிருக்காரு” என்பதற்கு உண்டு. இந்த வாக்கியத்தைக் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பழகுவது வேடிக்கையாகத் தோன்றலாம், ஆனால் நான் இப்போதும் அதைத்தான் சொல்கிறேன். யார் யாரிடம் சிகிச்சையைப் பற்றிச் சொல்வது என்பது உங்கள் விருப்பம். உங்களுக்குச் சமைப்பவரிடமும் பரிமாறுபவரிடமும் மட்டும் மறைக்க முடியாது.

பணமும் விடுப்பும்

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் பொதுவான விதிப்படி, பிஎம்ஐ 40 அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, 35-க்கு மேல் இருந்து கட்டுப்படாத சர்க்கரை, இதய நோய், கடுமையான தூக்க மூச்சுத்தடை போன்றவை இருந்தாலோ, மற்ற வழிகளில் எடை குறையவில்லை என்பதற்குச் சான்று இருந்தால்தான் இந்தச் சிகிச்சைக்குக் காப்பீடு கிடைக்கும். வயதும் 18 நிறைந்திருக்க வேண்டும். ஆகவே உடற்பயிற்சி, உணவுக் கட்டுப்பாடு என்று முன்பு மருத்துவரிடம் போன பழைய சீட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலம் மூன்று ஆண்டுகள் வரை இருக்கலாம் என்பதால் பாலிசியை ஒருமுறை முழுமையாகப் படித்துவிட்டு, முன் அனுமதி எழுத்தில் வந்த பிறகே நாள் குறியுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள் மருத்துவமனையிலுள்ள அத்திட்டத்தின் கவுண்டரில் நேரில் கேட்பது நல்லது. மருத்துவமனை சொல்லும் மொத்தத் தொகையில் இரைப்பையை வெட்டித் தைக்கும் ஸ்டேப்ளர் கருவியின் செலவும், கூடுதல் நாட்கள் தங்க நேர்ந்தால் ஆகும் செலவும் சேர்ந்துள்ளனவா என்று கேளுங்கள். வைட்டமின், கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளும் ஆண்டுதோறும் ரத்தப் பரிசோதனையும் ஆயுளுக்கும் தொடரும் செலவுகள்.

வேலைக்கு இரண்டு முதல் நான்கு வாரங்கள் விடுப்பு தேவைப்படும். சிகிச்சைக்குப் பின் ஒரு மாதத்துக்கும் மேலாகக் குடம், சிலிண்டர், கைக்குழந்தை எதையும் தூக்கக் கூடாது என்பதால் தண்ணீர் பிடிக்க ஆள் ஏற்பாடு செய்துவிடுங்கள். சிகிச்சைக்கு முன்பே தினமும் நடக்கத் தொடங்குங்கள்; நான் வாரக் கடைசியில் மதுரைக்கு வந்து வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி நடந்தேன், முதல் வாரம் ஒரு சுற்றுக்கே இரண்டு இடத்தில் உட்கார்ந்தேன். அறுவை முடிந்த அன்றே எழுப்பி நடக்க வைப்பார்கள்; கால் ரத்தக் குழாய்களில் ரத்தம் உறையாமலிருக்க அது அவசியம். குழந்தை பெறும் வயதுப் பெண்கள் 12 முதல் 18 மாதங்கள் வரை கருத்தரிப்பதைத் தள்ளிப்போட வேண்டும். எடை குறையும்போது மாதவிலக்கு சீராகிக் கருத்தரிக்கும் வாய்ப்பு கூடும், கருத்தடை மாத்திரையை மட்டும் நம்பக் கூடாது என்பதால் இதை முன்பே மருத்துவரிடம் பேசிவிடுங்கள். சிகிச்சைக்குப் பின் உடனே மருத்துவமனையை அழைக்க வேண்டிய அறிகுறிகளான காய்ச்சல், விடாத வயிற்று வலி, இடது தோள் வலி, மூச்சுத் திணறல், கெண்டைக்கால் வீக்கம், ஓயாத படபடப்பு, நிற்காத வாந்தி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டி, மருத்துவமனையின் இரவு எண்ணையும் அதன் கீழேயே எழுதுங்கள். தலைவலிக்குக் கடையில் வாங்கும் டைக்குளோஃபெனாக், ஐபுபுரோஃபென் வகை மாத்திரைகளை மருத்துவரைக் கேட்காமல் போடக் கூடாது என்பதையும் அதே தாளில் சேர்த்துக்கொள்ளுங்கள். பைபாஸ் செய்தவர்களுக்கு அவை புண்ணை உண்டாக்கும்.

முந்தைய நாள்

பையில் ஆதார், காப்பீட்டு அட்டை, பழைய ரிப்போர்ட்டுகள், முன்புறம் பொத்தான் வைத்த நைட்டி, உதட்டில் தடவ வெண்ணெய் அல்லது லிப் பாம், அந்த முப்பது மில்லி குவளை ஆகியவை இருந்தால் போதும். மருதாணியும் நகப்பூச்சும் வேண்டாம். ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைப் பார்க்க விரலில் மாட்டும் கருவிக்கு நகம் தெரிய வேண்டும். எத்தனை மணிக்குப் பிறகு எதுவும் சாப்பிடக் கூடாது என்பதை மயக்க மருத்துவர் சொன்னபடி நிமிடம் பிசகாமல் கடைப்பிடியுங்கள்.

அறுவை அரங்குக்குள் உலோகம் எதையும் அனுமதிக்க மாட்டார்கள் என்பதைப் பெண்கள் முன்பே தெரிந்துகொள்வது நல்லது. கதவருகே நின்றுகொண்டு தாலியைக் கழற்றச் சொல்லும்போது பலர் உடைந்துபோகிறார்கள். நான் இதை முன்னிரவே மாமியாரிடம் சொல்லிவிட்டேன். அவர் தாலிக்கொடியைக் கழற்றி வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, விரலி மஞ்சள் கோத்த மஞ்சள் கயிறு ஒன்றை என் கழுத்தில் கட்டினார். நர்சும் அதை மறுக்கவில்லை. மெட்டியைச் சோப்புப் போட்டுக் கழற்றினோம். மோதிரம் மட்டும் வரவே இல்லை, நூல் சுற்றித்தான் உருவி எடுத்தார்கள். இப்போது அதே மோதிரம் நழுவிவிடாமலிருக்க உட்புறம் நூல் சுற்றிப் போட்டிருக்கிறேன்.